மாப்பிள்ளைக்கு நல்ல தண்ணீர்

ஒரு கையில் வலையும் இன்னொரு கையில் வாளியுமாக, லிப்ட் மெக்கானிக் பின்னறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்தார். கூடத்தில் அவர் மனைவி வாடகைக் குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தாள். வந்தவர்கள் சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுடுகாட்டு வண்டி மதியத்துக்குத்தான் வரும். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. சும்மா இருப்பது என்ற வித்தை அவருக்குப் பிறந்ததிலிருந்தே கைவராத ஒன்று.

குளிர்பெட்டியின் மோட்டாரில் பேரிங் தேய்ந்திருந்தது. காலையிலிருந்து எழுந்து எழுந்து போய், பெட்டியோரம் குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தார். பெண்டாட்டியிடம் கடைசியாக ஏதோ ரகசியம் சொல்கிறார் என்று நினைத்து உறவுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவரும் அதைத் திருத்தப் போகவில்லை.

பெட்டிக்கு அடுத்து, சுவரோரமாக, அவளுடைய பெரிய மீன்தொட்டி. கடல் தண்ணீர். அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி, நீலத்தில் ஒன்று, பெயர் தெரியாத கோடு போட்ட ஒன்று. எல்லாம் அவள் வருஷக்கணக்கில் வளர்த்தவை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்ததால் தெருவே அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிட்டது. பகலெல்லாம் ஊரார் கண்ணைப் பார்ப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்து மீன்களின் கண்ணைப் பார்ப்பாள். இடையில் புருஷன் முகத்தையும் பார்த்திருப்பாள், அவர்தான் கவனிக்கவில்லை.

பின்னறையில் இருந்தது தனித்தொட்டி. மணல் கிடையாது, பாறை கிடையாது, ஒளிந்துகொள்ள வளைந்த ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு மட்டும். புதிதாக வாங்கும் மீன் நேராகக் கூடத்துக்குப் போய்விட முடியாது. நோய் நொடி ஏதும் இல்லை என்று தெரியும்வரை இங்கே தனியாகத்தான் இருக்க வேண்டும். பின்னறை வலை, பின்னறை வாளி, பின்னறைத் துண்டு எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. உள்ளே கை வைத்தால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் தோற்றது போங்கள் என்று அவர் கேலி செய்வார்.

இப்போது அதற்குள் இருந்தது ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி மீன். வந்த புதிதில் எதைப் போட்டாலும் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "மாப்பிள்ளை முறுக்கு" என்றாள் அவள். அன்றிலிருந்து அதன் பெயரே மாப்பிள்ளை. கல்யாணம் வேண்டாம் என்று நிற்கும் மகளைப் பற்றி யாராவது விசாரித்தால், மாப்பிள்ளை பின்னறையில்தான் இருக்கிறார், உடம்பு தேறியதும் கூடத்துக்கு வருவார் என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாள்.

உடம்புதான் தேறவில்லை. மீன் ஒரு பக்கச் செவுளால் மட்டுமே மூச்சு விட்டது. குழாயில் போய்ப் போய் உடம்பைத் தேய்த்தது. ஒரு கண் பாலாடை படிந்ததுபோல் மங்கியது. மேலே பூச்சி ஒட்டியிருக்கிறது என்றாள் அவள். எங்கே என்றார் அவர். கண்ணுக்குத் தெரியாது, உடம்போடு உடம்பாகக் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் என்றாள்.

அவர் தொழிலில் இந்தப் பேச்சு எடுபடாது. லிப்டில் சத்தம் வருகிறது என்று கூப்பிடுவார்கள். இவர் போய் நின்றால் சத்தம் இருக்காது. தெரியாத பழுது இல்லாத பழுது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். நீங்கள் தெருமுனை திரும்பியதும் அங்கே சத்தம் ஆரம்பித்திருக்கும் என்பாள் அவள். மாலையில் பின்னறையிலிருந்து குரல் வரும்: "ஏங்க, ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்களேன்." இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதோ வரேன்" என்பார். அந்த 'இதோ' ஒரு நாளும் எழுந்து போனதில்லை. இன்று காலையிலிருந்து அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது அதுதான்.

பிறகு அவளுக்கே நெஞ்சில் சளி கட்டியது. தொற்று என்று ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். இவரைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே அவள், வெளியே இவர், இருவர் காதிலும் போன். கடைசியாகப் பேசியபோது மூச்சு வாங்க வாங்க அவள் சொன்னது ஒன்றுதான்.

"நான் வர்றவரைக்கும் மாப்பிள்ளைய கூடத்துக்கு விட்டுடாதீங்க."

வேறு ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் கடைசியில் மீனைப் பற்றித்தான் பேச வேண்டுமா என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. போனை நர்ஸ் வாங்கி வைத்துவிட்டாள்.

இப்போது அவள் வந்துவிட்டாள். கூடத்தில்தான் இருக்கிறாள். அவள் போட்ட நிபந்தனை முடிந்தது. கண்ணாடிக்குள் ஒருத்தி தனியாகக் கிடந்து போய்ச் சேர்ந்தது போதும், இன்னொரு உயிர் வேறு எதற்கு இல்லாத பூச்சிக்காகத் தனியாகக் கிடக்க வேண்டும்? கூடத்தில் நாலு மீனோடு ஐந்தாவதாக நீந்தட்டும். அவர் வலையைத் தண்ணீருக்குள் விட்டார். மாப்பிள்ளை குழாய்க்குள் புகுந்துகொண்டது.

"அத்தான், என்ன பண்றீங்க?"

வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார், மனைவியின் தம்பி. மருந்துக்கடை வைத்திருப்பவர். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. மெக்கானிக் தன் நியாயத்தைச் சொன்னார். மச்சான் பதறிப்போனார். அதை விட்டால் கூடத்தில் இருக்கிற மொத்தமும் போய்விடும், அக்கா வளர்த்த ஒன்றுகூட மிஞ்சாது என்றார். பூச்சி மருந்தே அவர் கடையிலிருந்துதான் வந்தது, நாய்க்குக் கொடுக்கிற புழு மாத்திரை. அது மீன்மேல் ஒட்டிய பூச்சியைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டை பொரித்துக் குஞ்சு வெளியே வந்து, அது அடுத்த முட்டை இடுவதற்குள் இரண்டாம் தடவை மருந்து போட வேண்டும். முதல் தடவை அக்கா போட்டுவிட்டாள். இரண்டாம் தடவைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

"முட்டைய நீ பாத்தியா?" என்றார் மெக்கானிக்.

"நான் பாக்கல. அக்கா பாத்திருக்கும்."

"அவளும் பாக்கல. கண்ணுக்குத் தெரியாதுன்னுதான் சொன்னா."

 மச்சான் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை இழுத்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுதான் இருக்கும். கறுப்பில் எதற்கு என்று அது வாங்கிய அன்றே மெக்கானிக் சண்டை பிடித்திருக்கிறார்.

"நல்ல தண்ணில ஒரு தடவ போட்டுப் பாத்துருவோம். கடல் மீன் கொஞ்ச நேரம் தாங்கும், பூச்சி தாங்காதுன்னு அக்கா சொல்லும். ஒண்ணும் உதிரலேன்னா நீங்க சொன்னதுதான் சரி. நானே தூக்கிட்டுப் போய்க் கூடத்துல விடுறேன்."

மெக்கானிக்குக் கை பரபரத்தது. இன்று, இந்த வீட்டில், இப்படி ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது சரியா என்று ஒரு கணம் யோசித்தார். ஆனால் ஆசை வந்துவிட்டது. அவள் சரியா, தான் சரியா? இதைக் கேட்காமல் அவளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால், பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

வடிகட்டிய குடிதண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார்கள். மச்சான் சமையலறைக்குப் போய்ச் சோடா உப்பு எடுத்துவந்து தண்ணீரின் காரம் கடல் தண்ணீரோடு ஒத்துப்போக ஒரு சிட்டிகை கரைத்தார். காற்றுக்குழாயைப் போட்டதும் குமிழி எழுந்தது. தனித்தொட்டித் தண்ணீரும் இதுவும் ஒரே சூடாக இருக்க வேண்டுமாம். மெக்கானிக் ஒரு கையை இதிலும் மறு கையை அதிலும் விட்டுப் பார்த்து, கொஞ்சம் வெந்நீர் கலந்தார். கூடத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஆறிலும் சாவு நூறிலும் சாவு, மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்ததைப் பார்த்து ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார்கள்.

மீனை எடுத்து விட்டதும் அது ஒரு சுற்றுத் துள்ளிச் சுற்றியது. பிறகு அப்படியே ஒருக்களித்துச் சாய்ந்து அடியில் படுத்துவிட்டது.

 இன்றைக்கு ஒரு சாவு போதாதா? வலையை எடுக்கப் போன மெக்கானிக்கின் கையை மச்சான் பிடித்துக்கொண்டார். செவுள் அசைகிறது, பாருங்கள் என்றார். அசைந்தது. ஆனால் எதுவும் உதிரவில்லை. கறுப்புத் தொட்டி கறுப்பாகவே இருந்தது. பார்த்தாயா என்று சொல்ல வாய் எடுத்தார். சொல்ல மனம் வரவில்லை. தான் ஜெயிப்பது அவருக்குத் துளிகூடப் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏதாவது உதிர்ந்துவிடு, ஏதாவது உதிர்ந்துவிடு என்று மீனைப் பார்த்து மனத்துக்குள் கெஞ்சினார்.

மாப்பிள்ளையின் விலாவில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. முதலில் இல்லாதது. பக்கத்தில் இன்னொன்று. மங்கிய கண்ணின் மேலிருந்து மூன்றாவது ஒன்று, ஓரம் சுருண்டு, பிடி விட்டு, ஆடி ஆடி அடிக்கு இறங்கியது. மஞ்சள் உடம்பு முழுக்க, இவ்வளவு நாளும் கண்ணாடியாக இருந்தவையெல்லாம் ஒவ்வொன்றாக வெள்ளையாகிக்கொண்டு வந்தன. மீன் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. கறுப்பில் எள் அளவு, எள்ளில் பாதி அளவு, வெள்ளை வெள்ளையாகக் கொட்டின.

மெக்கானிக் மண்டி போட்டு, மூக்கு தண்ணீரில் படுகிற அளவுக்குக் குனிந்தார். எத்தனை இருந்திருக்கின்றன! ஒவ்வொன்றும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தன் பாட்டுக்குத் தின்றுகொண்டு. கண்ணிலிருந்து விழுந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. அவர் தலையைத் திருப்பாமல் சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வந்து பாரேன். சீக்கிரம் வா."

கூடத்தில் பேச்சு நின்றது. குளிர்பெட்டியின் தேய்ந்த பேரிங் சத்தம் மட்டும் கேட்டது.

மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மகள் வந்தாள். யாரைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் அவளும் மண்டி போட்டுத் தொட்டிக்குள் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"அம்மா சொன்ன பூச்சி."

நேரமாகிறது, மீன் தாங்காது என்றார் மச்சான். மாப்பிள்ளையைத் தனித்தொட்டிக்கே திருப்பி விட்டார்கள். அது குழாய்க்குள் நுழையாமல் தண்ணீர் நடுவில் நின்று இரண்டு செவுளாலும் மூச்சு விட்டது. தொட்டியில் இன்னும் முட்டை இருக்கும், இதோடு தீராது, மாத்திரையை நாளைக்குக் கொண்டுவா என்று மெக்கானிக் மச்சானிடம் சொன்னார். நாளைக்கு எதற்கு, சாயங்காலமே கொண்டுவருகிறேன் என்றார் அவர்.

வாசலில் வண்டி வந்து நின்றது. எல்லோரும் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஆண்பிள்ளைகள் நாலு பேர் வாங்க என்று யாரோ கூப்பிட்டார்கள். மெக்கானிக் பின்னறைக் குழாயைத் திறந்து கைகளை நீட்டினார். சோப்பை எடுத்து விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை என்று தேய்த்துக் கழுவினார். அத்தான், காத்திருக்காங்க என்றார் மச்சான். இவர் மறுபடியும் சோப்பை எடுத்தார்.

முடித்து வெளியே வந்தபோது, ஈரம் சொட்டுவதைப் பார்த்த மகள் கதவில் தொங்கிய துண்டை எடுத்து நீட்டினாள்.

"அது பின்னறைத் துண்டும்மா. அங்கேயே மாட்டு" என்றார் அவர்.

மகள் துண்டை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் போய், ஈரக் கையோடேயே பெட்டியின் தலைமாட்டுப் பிடியைப் பிடித்தார்.