மல்லி பூத்த அன்று வரிசை நகர்ந்தது

எங்கள் திருவொற்றியூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் நாள்கணக்கில் நிற்கும். அத்தனை புழுதியும் என் செடிகள் மேல்தான் வந்து உட்காரும். தினம் காலையில் இலை இலையாகக் கழுவுவேன், லாரிக்காரர்களை வாயார வைதுகொண்டே. முப்பத்தாறு வயதில் தனியாக இருப்பவளுக்கு வாய்தான் காம்பவுண்டு சுவர். அதைக் கேட்டு எவனும் கிட்டே வரமாட்டான்.

பொங்கல் முடிந்த வாரம் ஒருவன் வந்தான். பெயர் ஜெயவேல். கேட்டுக்கு நேராக நின்ற லாரியிலிருந்து இறங்கி, என் மல்லிச்செடியைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கீரை மாரி வளத்து வச்சிகீற? கத்திரி குடு. இப்ப வெட்னாதான் மாசில பூக்கும்" என்றான். கொடுத்தேன். ஒரு இலை மிச்சம் வைக்காமல் மொட்டையடித்துவிட்டான். அன்றைக்கு நான் திட்டிய திட்டைக் கேட்கப் பின்னால் நின்ற நாலு டிரைவர்கள் இறங்கி வந்தார்கள்.

ஆனாலும் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தான். செங்குன்றத்திலிருந்து ஒரு மூட்டை சாணி எருவை கேபினில் வைத்துக் கொண்டுவந்தான். வேரைச் சுற்றிக் கொத்தினான், பன்னீர் ரோஜாவுக்கு மண் அணைத்தான். 'அக்கா' எந்த நாளில் கழன்று விழுந்ததென்று எனக்குத் தெரியாது. போன வாரம் திடீரென்று, "ஹில்டா, என்னக் கட்டிக்கிறியா?" என்றான். கை நிறைய எருவோடு கேட்கிற கேள்வியா அது! "மல்லி பூக்கட்டும், சொல்றேன்" என்று சமாளித்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

இன்று விடிந்ததும் பார்க்கிறேன், கணுவுக்குக் கணு மொட்டு! நாலைந்து விரிந்தே விட்டன. தலைகால் புரியவில்லை. இலை கழுவப் போனவள் கொடியில் காய்ந்த துணியை எல்லாம் நனைத்துவிட்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து அவன் லாரியும் கேட்டுக்கு நேராக வந்து நின்றது. இறங்கி ஓடி வந்தான். "பூத்துச்சா? சொல்லு. நாளைலேர்ந்து மொதலாளி என்னத் தூத்துக்குடிக்குப் போட்டுட்டாரு. இங்க இதான் கடைசி ட்ரிப்பு."

ஊரையே வையும் என் வாய், "எரு ஜாஸ்தியாப் பூடுச்சோ?" என்றது. "ரோஜாக்குத் தண்ணி ஊத்தணும்" என்றேன். எனக்கே என் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது.

நாள்கணக்கில் நிற்கிற வரிசை அப்போதுதானா அசைய வேண்டும்? முன்னால் லாரிகள் நகர்ந்தன, பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. "சரி, வரேன்" என்று தொங்கிய முகத்தோடு ஏறிக்கொண்டான். லாரி என் கேட்டைத் தாண்டி உருண்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவன் மேல் அல்ல, என் மேல்தான். தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு ஓடினேன். படியில் தொற்றி, கதவைத் திறந்து, கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தேன்.

"மூஞ்சத் தூக்கி வச்சிகினு எங்கய்யா போற? கட்டிக்கிறேன்!"

பாவி, பிரேக்கை மிதித்தவன் மிதித்ததுதான். என்ஜின் அணைந்துபோனது. மறுபடி கிளப்ப வேண்டும் என்கிற நினைப்பே இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் எண்ணூர் வரைக்கும் நின்ற அத்தனை லாரியும் ஒரே நேரத்தில் அலறின.

ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்:

"கொஞ்சம் இருங்கடா! எனக்குக் கண்ணாலம்!"