இரண்டாவது நாய்

அந்த பஸ் டிப்போவில் நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம் என்று வாழ்ந்தது நாய்கள் மட்டும்தான். அவற்றில் மூத்ததற்கு டிரைவர்கள் வைத்த பெயர் மேனேஜர். பகலெல்லாம் ஏதாவது ஒரு பஸ்ஸுக்கு அடியில் நிழலில் தூங்கும். சாயங்காலம் எழுந்து எல்லா பஸ்ஸையும் ஒரு சுற்று மோந்து பார்க்கும். நிஜ மேனேஜர் காதுக்கு இந்தப் பெயர் எட்டியதோ என்னவோ, அந்த நாயைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

டீசல் பஸ் ஓடிய காலத்தில் இந்தத் தூக்கத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. சாவியைத் திருகினால் வண்டி அதிரும், நாய்கள் விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடும். பேட்டரி பஸ்கள் வந்த பிறகுதான் வினை. அவை சத்தமே இல்லாமல் கிளம்பின. வந்த புதிதிலேயே ஒரு நாய்க்குட்டி சக்கரத்தில் நசுங்கிப் போய்விட்டது. அந்த வண்டியை எடுத்தவர் எக்ஸ்பிரஸ். டிப்போவிலேயே வேகமான ஆள் என்பதால் அந்தப் பட்டம். அன்று அவர் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுததை எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தர்கூடக் கேலி பண்ணவில்லை.

நாய்கள் சும்மா இருக்கவில்லை. எஞ்சின் சத்தம் போனால் போகிறது என்று வேறொன்றைப் பிடித்துக்கொண்டன. பஸ் கதவு மூடும்போது 'புஸ்ஸ்' என்று காற்று சீறும். அது கேட்டால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும் என்று ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டன. டிரைவர்களும் நாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கதவை மூடு, நாய் வெளியே வரட்டும், வண்டியை எடு. எக்ஸ்பிரஸ் இன்னும் ஒரு படி மேலே. நாய் கண்ணெதிரே நடந்து விலகிப் போகிற வரைக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டார்.

மூன்றாவதாகக் கற்றுக்கொண்டது அந்த பஸ்களின் சாஃப்ட்வேர். அதைக் கற்றுக்கொள்ள விட்டவள் அதை எழுதிய பெண்.

டிப்போவில் அவளைக் கம்ப்யூட்டரம்மா என்பார்கள். முப்பதுகூட ஆகாத தன்னை எல்லோரும் அம்மா ஆக்கிவிட்டார்களே என்று அவளுக்குக் கொஞ்சம் கடுப்புதான். மாடியில் ஒரு அறை, அதில் பெரிய திரை, திரையில் டிப்போவின் எல்லா பஸ்ஸும். ஜன்னலுக்கு நேர் கீழே முன்வரிசை பஸ்கள் அவளைப் பார்த்தபடி நிற்கும். ஒவ்வொரு பஸ்ஸின் அடியிலும் சென்சார் உண்டு. சூடான உடம்பு எது கிடந்தாலும் வண்டி நகராது என்றுதான் அவள் முதலில் எழுதியிருந்தாள். அதே டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்த தம்பியிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள்: "நீ அடியில படுத்திருந்தா பஸ் ஒரு அங்குலம் நகராதுடா. நான் எழுதியிருக்கேன்."

அக்கா எழுதினால் அது தம்பிக்கு வேதம். வேலை செய்கிற பஸ்ஸின் ஸ்டீயரிங்கில் 'ஆள் அடியில்' என்று சிவப்புப் பலகை மாட்டுவது அந்த டிப்போவின் பழைய வழக்கம். அவன் மெல்ல மெல்ல அதை விட்டுவிட்டான். ஏறி, மாட்டி, இறங்கி, மறுபடி ஏறி, கழற்றி, யாருக்கு முடியும்? அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் எழுத்தின் மேல் அவனுக்கு இருக்கிற நம்பிக்கையை நினைத்து மனம் குளிர்ந்துபோனாள்.

ஆனால் காலையில் பஸ்கள் கிளம்புவதற்குள் பொழுதே அடைந்துவிடும் போலிருந்தது. ஒவ்வொரு நாய்க்கும் வண்டி பூட்டிக்கொண்டது. டிரைவர்கள் கத்தினார்கள், மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் கத்தினார். அவள் சாஃப்ட்வேருக்குக் கொஞ்சம் தானாகக் கற்றுக்கொள்ள இடம் கொடுத்தாள். அது பார்த்தது. சூடாக ஒன்று அசையாமல் கிடக்கும், கதவு மூடும், அது போய்விடும். பார்த்துப் பார்த்து அது ஒரு முடிவுக்கு வந்தது. அசையாமல் கிடப்பது நாய்; நாய் எப்படியும் போய்விடும்; அதற்காக வண்டியைப் பூட்ட வேண்டியதில்லை. மனிதன் கிடந்தால் கையாவது அசையுமே, ஸ்பேனராவது அசையுமே என்று அவளும் விட்டுவிட்டாள். பஸ்கள் நேரத்துக்குக் கிளம்பின. மேனேஜர் அவளைப் பாராட்டினார். நாய் விஷயத்தைத் தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. அக்காவும் தம்பியும் மாடியில் அந்த அறையில்தான் சேர்ந்து சாப்பிடுவார்கள். தம்பியின் டப்பாவும் அவளுடையதும் மேசையில் இருந்தன. அவனுடைய போன்கூட அவள் மேசையில்தான் சார்ஜில் கிடந்தது. ஆளை மட்டும் காணவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. திட்டிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

முன்வரிசையில், அவள் ஜன்னலுக்குக் கீழே நின்ற பஸ்ஸில் எக்ஸ்பிரஸ் ஏறியிருந்தார். அது அவர் வழக்கமாக ஓட்டும் வண்டி இல்லை. அவருடைய வண்டியில் சார்ஜ் ஏறவில்லை என்று இதை எடுத்திருந்தார். திரையில் அந்த பஸ்ஸுக்கு அடியில் மஞ்சள் எழுத்தில், 'நாய்: 2' என்று வந்தது.

புஸ்ஸ் என்று கதவு மூடியது.

மேனேஜர் சோம்பலாக வெளியே வந்து, முன்னங்காலை நீட்டி முறுக்கிக்கொண்டது. திரையில் 'நாய்: 1' என்று மாறியது. இரண்டாவது நாய் எழுந்திருக்கவில்லை. எது இவ்வளவு கும்பகர்ணன் என்று அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

பஸ்ஸின் இடது பக்கம், பின்சக்கரத்தை ஒட்டி ஒரு பை கிடந்தது. நீலப் பை. வார் அறுந்துபோய், போன மாதம் அவளே சிவப்பு நூலால் தைத்துக்கொடுத்த பை.

தம்பி அடியில் இருந்தான். பேட்டரியைக் குளிரவைக்கும் தண்ணீர்க் குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கப் படுத்திருக்கிறான். அதற்கு ஸ்பேனர் வேண்டாம், கையும் வேண்டாம். மல்லாந்து படுத்து, சொட்டு விழுகிறதா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கதவுச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். இந்த டிப்போவில் எந்நேரமும் ஏதோ ஒரு கதவு சீறிக்கொண்டுதான் இருக்கிறது. தவிர, அவன் அடியில் இருந்தால் பஸ் ஒரு அங்குலம் நகராதே.

கை தானாக அவன் எண்ணை அழுத்தியது. மேசைமேல், அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே அவன் போன் அடித்தது.

வயர்லெஸ்ஸை எடுத்தாள். "மாமா! எக்ஸ்பிரஸ் மாமா! வண்டியை எடுக்காதீங்க! அடியில ஆள் இருக்கு!" கீழே அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நாள் முழுக்க அந்த வயர்லெஸ் யாரையாவது ஏசிக்கொண்டே இருக்கும் என்பதால் டிரைவர்கள் எல்லோருமே அதன் குரலைக் குறைத்து வைத்திருப்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

திரையில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். முன்பெல்லாம் அழுத்தினால் வண்டி நின்றுவிடும். அவசியமில்லாமல் நடுரோட்டில் நிற்கிறது என்று டிரைவர்கள் சண்டை போட்ட பிறகு, அவர்கள் முன்னாலிருக்கும் சின்னத் திரையில் ஒரு கேள்வி வருகிற மாதிரி அவளே மாற்றியிருந்தாள்: 'நிறுத்தவா? தொடரவா?' கேள்வி அவர் முன்னால் வந்தது. தினம் இதுபோல் ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். அவர் பார்வைகூட அந்தப் பக்கம் போகவில்லை. கட்டைவிரல் மட்டும் தானாகப் போய்த் 'தொடரவா'வைத் தட்டியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி தட்டினார்.

ஜன்னலைத் திறந்து கத்தினாள். அவர் கேபினில் கண்ணாடி ஏற்றியிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜர்களின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. படியிறங்கி ஓடினால் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எக்ஸ்பிரஸ் மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது உடம்பைச் சிலுப்பிவிட்டு, வண்டியை விட்டு நாலு எட்டு நடந்தது. அவர் அதற்கு ஒரு கும்பிடு போட்டார். அவருடைய வழக்கம் அது, குட்டி போன நாளிலிருந்து. அப்புறம்தான் கால் பிரேக்கிலிருந்து எழும்பும்.

வயர்லெஸ்ஸுக்கு நிற்காதவர், திரைக்கு நிற்காதவர், இந்த மனுஷர் நாய்க்கு நிற்பார்.

அவள் மேசையிலிருந்த டப்பாவை அள்ளி, பலம்கொண்ட மட்டும் வீசினாள். அது பஸ்ஸின் மூக்குக்கு நேர் முன்னால் விழுந்து வாயைப் பிளந்தது. ரொட்டியும் இரண்டு அவித்த முட்டையும் உருண்டன. ஒரு முட்டை முன்சக்கரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

பஸ் நகர்ந்தது.

மேனேஜர் திரும்பியது. அந்தக் கிழட்டு நாய் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. நேராகச் சக்கரத்துக்கு முன்னால் போய்த் தலையைக் குனிந்தது.

பஸ் குலுங்கி நின்றது. ஒரு சாண் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அவள் எப்படிப் படியிறங்கினாள், செருப்பு எங்கே போனது, எதுவும் அவளுக்கு நினைவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். எக்ஸ்பிரஸ் கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா கம்ப்யூட்டரம்மா! நாய்க்கு மாடியிலேர்ந்தா விருந்து வைப்பாங்க? இப்ப நசுங்கியிருக்குமே!"

பஸ்ஸின் அடியைக் காட்டினாள். அங்கேயிருந்து முதலில் ஒரு கை வந்தது, பிறகு தலை. தம்பியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. பின்சக்கரம் அவன் சட்டைக் கையின் மேல் ஏறி நின்றிருந்தது; சட்டையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வந்தான். கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

எக்ஸ்பிரஸ் இறங்கினார். கிழிந்த சட்டையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். அப்படியே பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் நாயைப் பார்த்தேன்பா... நாய் போயிடுச்சேன்னு..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நகராதுன்னு சொன்னியேக்கா," என்றான் தம்பி. குற்றமாகக்கூடச் சொல்லவில்லை, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான். அவள் அவனை ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டுமே அவனுக்கில்லை, தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் மேனேஜர் இரண்டாவது முட்டையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். நாயோ மனுஷனோ, அடியில் சூடாக எது கிடந்தாலும் வண்டி நகராது; நிறுத்து என்றால் கேள்வி கேட்காமல் நிற்கும். மறுநாள் காலை பஸ்கள் தாமதமாகக் கிளம்பின, மேனேஜர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நாலு கால் மேனேஜருக்கோ ஒரே நாள் பாடம் போதுமாக இருந்தது. இப்போது முன்வரிசையில் கதவு சீறினால் அது வெளியே வருகிறது; ஆனால் விலகிப் போவதில்லை. நேராக முன்சக்கரத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்து, மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறது. எக்ஸ்பிரஸ் இறங்கிவந்து அதைக் கெஞ்சி அழைத்துப் போகிறார்.

அந்த வாரம் முழுக்கத் தம்பி சிவப்புப் பலகையை மாட்டினான். அடுத்த வாரம் ஒரு மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான்.

"ஏன்க்கா, இப்ப எல்லாத்தையும் சரி பண்ணிட்டதானே? அடியில யார் இருந்தாலும் நகராதுல்ல?"

அவள் நிமிர்ந்தாள். பலகை அவன் கையில் இல்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். நீலப் பை ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்தில் காத்திருந்தது, பலகை சுவரில் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உண்மையும் அதுதான். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக அவள் வேறெதையும் எழுதியதில்லை.

"இல்லடா," என்றாள். "பண்ணிப் பார்த்தேன், வரல. அதுக்கு நீ இன்னமும் நாய்தான்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினான். ஜன்னலில் நின்றபடி, அவன் ஆணியிலிருந்து பலகையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதையும், அதை ஸ்டீயரிங்கில் மாட்டிவிட்டு இறங்குவதையும் அவள் கடைசி வரை பார்த்தாள்.