ராங்கியைக் கறந்த காலை

புயலில் மின்கம்பம் சாய்ந்து பால் கறக்கும் இயந்திரம் நின்றுபோனபோது, பண்ணையில் இருந்தவர்கள் தையல்காரியும் அவள் நாத்தனாரும்தான். தையல்காரியின் கணவன் ஜெனரேட்டர் தேடி டிராக்டரில் போயிருந்தான்; பாதையில் மரம் விழுந்து கிடப்பதாகப் போனில் சொன்னான். மற்ற மாடுகள் கொஞ்ச நேரம் தாங்கும், ராங்கியை மட்டும் எப்படியாவது கறந்துவிடச் சொன்னான். அது புதிதாகக் கன்று போட்ட மாடு. கன்று குடித்தது போக மிஞ்சும் பால் தேங்கினால் மடி வீங்கிக் காய்ச்சல் கண்டுவிடும்.

எப்படியாவது என்று சொல்ல வாய் வலிக்குமா என்ன? தையல்காரி வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் மாட்டுக்கு எட்டியே நின்று பழகியவள். நாத்தனாருக்கோ பொத்தானை அமுக்கத் தெரியுமே தவிர காம்பை அமுக்கத் தெரியாது.

"உதைச்சா பல்லு போயிடும் அண்ணி."

"அப்போ உன் பல்லைக் காப்பாத்திக்க. தலைப் பக்கம் நின்னு அதுகிட்ட பேசு. உனக்குப் பேசச் சொல்லியா தரணும்?"

மடி கல்லாய் இறுகியிருந்தது. தையல்காரி வெந்நீரில் துடைத்துவிட்டுக் காம்பைப் பிடித்து இழுத்தாள். ஒரு சொட்டு வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். ராங்கி விட்ட உதையில் வாளி சுவர்வரை உருண்டது. அவள் எழுந்திருக்கவில்லை; வாளியை நாத்தனாரிடம் வாங்கி மறுபடி மடிக்கடியில் வைத்தாள்.

கன்றை அவிழ்த்துவிடச் சொன்னாள். அது ஓடிவந்து மடியை முட்டியது, சப்பியது, மறுபடி முட்டியது. கொஞ்ச நேரத்தில் அதன் கடைவாயில் நுரை வழிந்தது. பால் இறங்கிவிட்டது! நாத்தனார் கன்றைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டாள். கன்று சப்பியதைக் கவனித்திருந்த தையல்காரி இந்த முறை இழுக்கவில்லை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் மேல்பக்கத்தை வளைத்து அடைத்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். முதல் பீச்சு அவள் முகவாயில் அடித்தது. அடுத்தது வாளியில் சர்ரென்று விழுந்தது.

"வந்துடுச்சுடி," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

அவ்வளவுதான், நாத்தனாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கன்றைக் கட்டிப்போட்டுவிட்டு மறுபக்கம் வந்து குந்தினாள். அவள் பீச்சியது வாளியைத் தாண்டி அண்ணியின் காதில் பட்டது. இருவரும் சிரித்த சிரிப்பில் ராங்கியே திரும்பிப் பார்த்தது. பிறகு பேச்சு நின்றது. இந்தப் பக்கம் சர், அந்தப் பக்கம் சர். யார் கை முந்துகிறது என்று போட்டியே நடந்தது. மணிக்கட்டு கடுத்தது, விரல் மரத்தது. இருவருமே விடுவதாக இல்லை.

டிராக்டரை வழியிலேயே விட்டுவிட்டு முழங்கால் சேற்றோடு நடந்துவந்த கணவன், நுரை ததும்பிய வாளியைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, நகரு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

தையல்காரி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இங்க கை வைக்காதீங்க. போய் அடுத்த மாட்டைக் கொண்டுவாங்க."