பெயர் கேட்காத படிவம்

ஒவ்வொரு வருடமும் சீசன் தொடங்க ஒன்றரை மாதம் இருக்கும்போது, ஒரு பத்திரிகை எங்கள் கால்பந்து லீக்கில் ஆடுகிற எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பும். கோப்பை யாருக்கு, எந்த அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும், மோசமான மைதானம் எது என்று கேள்விகள். பெயர் எழுத வேண்டாம். பெயர் வேண்டாம் என்றதும் மனிதனுக்கு வருகிற தைரியத்தைச் சொல்லி மாளாது. பயிற்சி முடிந்து, காபியும் கிரீம் வைத்த பன்னுமாக உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து எழுதுவோம்.

பதினோராவது கேள்வி: 'தகுதிக்கு மீறிப் புகழப்படும் ஆட்டக்காரர் யார்? ஏன்?'

நான் என் தம்பி மெல்கரின் பெயரை எழுதினேன். அவன் வேறு அணியில் ஆடுகிறான்.

'ஏன்' என்ற இடத்தையாவது காலியாக விட்டிருக்கலாம். விடவில்லை. 'இடது முழங்கால் பக்கம் யாராவது வந்தால் பந்தை விட்டுவிட்டு ஒதுங்கிவிடுவான். அடிபட்ட கால் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை' என்று எழுதினேன். கையெழுத்துகூட அழகாக அமைந்துவிட்டது.

அந்தப் பயத்தை அவன் என்னிடம் சொன்னது கிறிஸ்துமஸுக்கு அப்பா வீட்டில் கூடியிருந்தபோது. சானா என்கிற வெந்நீராவி அறையில் இருவரும் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தோம். அன்று மதியம்தான் பக்கத்து வீட்டுக்காரர் மெல்கரோடு படம் எடுத்துக்கொள்ள வந்திருந்தார். அப்பா என்னிடம், "டோர்கெல், நீ கொஞ்சம் நகந்துக்கடா, படத்துல விழறே" என்றார். நானும் அதே லீக்கில் ஒன்பது வருடமாகத் தடுப்பாட்டம் ஆடுகிறவன்தான். நகர்ந்துகொண்டேன். அந்த வயிற்றெரிச்சல்தான் பிப்ரவரியில் பேனா வழியாக இறங்கியது. காரணம் இவ்வளவு அற்பம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் முதல் வாரம் பத்திரிகை வந்தது. மெல்கரின் படத்துக்குக் கீழே என் வரிகள், கொட்டை எழுத்தில். ஒரு மணி நேரத்தில் அவன் போன் செய்தான்.

"அண்ணா, பாத்தியா?"

"பாத்தேன்."

"இது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். உனக்கும் ஹம்புஸுக்கும்."

ஹம்புஸ் அவன் அணிக்காரன். வெளியூர் போனால் இருவருக்கும் ஒரே அறை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"ஹம்புஸா? சேச்சே... ஆனா இந்தக் காலத்துல யாரை நம்புறது, சொல்லு."

"அவனேதான்ணா. ஊமக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு! இனி அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

சீசனுக்கு எட்டு நாள் இருக்கும்போது கடைசிப் பயிற்சி ஆட்டம். எங்கள் மைதானத்தில், மெல்கரின் அணியோடு. ஓரமாக அள்ளிக் குவித்த பனி கறுத்துப்போய்க் கிடந்தது. அவர்கள் டென்மார்க்கிலிருந்து புதிதாக ஒருவனை வாங்கியிருந்தார்கள். முதல் ஆட்டத்தில் இறங்கப்போவது அவனா, மெல்கரா என்பதை இன்றைக்குப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இடம் போனால் கோடை முழுக்க பெஞ்சுதான் என்று மெல்கரே சொல்லியிருந்தான்.

உடைமாற்றும் அறையில் எங்கள் பயிற்சியாளர் ஸ்டாஃபான் அந்தப் பத்திரிகையையே தூக்கிக் காட்டினார்.

"டோர்கெல், உன் தம்பியை நீதான் பிடிக்கிறே. இடது கால்ல பயமாம். எவனோ புண்ணியவான் எழுதியிருக்கான். அங்கயே போ. பாசத்தையெல்லாம் ஆட்டம் முடிஞ்சு வெச்சுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் ஆட்டத்தில் என்னால் முடியவில்லை. அவன் பந்தோடு வரும்போதெல்லாம் என் கால் தானாகப் பின்வாங்கியது. வலது பக்கமாகப் போய் மறித்தேன். தாமதமாகப் போனேன். ஒருமுறை போகவே இல்லை. எங்கள் அணியில் மற்றவர்களுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. ஒருவன் அந்த முழங்காலையே தேடிப் போய் இடித்தான். மெல்கர் விழுந்தான், எழுந்தான், மறுபடி பந்துக்குப் போனான். முதல் பாதி முடிகிற நேரத்தில் என்னைத் தாண்டிப் போய்க் கோல் அடித்தான். கொண்டாடவில்லை. நேராக என்னிடம் நடந்து வந்தான்.

"பேப்பர் படிச்ச அத்தனை பேரும் என் இடது காலைத் தேடித்தான் வர்றான். நீ மட்டும் ஏன்ணா வரல?"

"தம்பியாச்சேன்னு..."

"சின்ன வயசுலேருந்து எத்தனை தடவை என்னை மிதிச்சிருக்கே? தம்பின்னு என்னைக்குப் பாத்தே?"

அவன் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

"நீதானா?"

தலையாட்டினேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகம் வெளுத்துப்போனது. நடுவர் இடைவேளைக்கு விசில் ஊதினார், எல்லோரும் வெளியே நடக்க ஆரம்பித்தார்கள்.

"மூணு வாரமா ஹம்புஸ் பஸ்ல தனியா உக்கார்றான்" என்றான் மெல்கர். "என் பேச்சைக் கேட்டு டீம்ல ஒருத்தனும் அவன்கூட சாப்பிடறதில்ல. வேற கிளப்புக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டான். நான் அவனை என்னெல்லாம் பேசினேன் தெரியுமா உனக்கு? போ. நீயே போய் அவன்கிட்ட சொல்லு. இப்பவே."

ஹம்புஸ் மைதானத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே தனியாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனோடு பழக்கமில்லை. எதிரே போய் நின்றேன்.

"மெல்கரைப் பத்தி அதை எழுதினது நான்தான்."

அவன் பாட்டிலை மெதுவாக மூடினான். எனக்குப் பின்னால், தூரத்தில் நின்ற மெல்கரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அவன் அனுப்பினானா, நீங்களா வந்தீங்களா?"

நானாகத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. கூசாமல் சொல்லக்கூடியவன்தான் நான்.

"அவன் அனுப்பினான்" என்றேன்.

"அப்ப அவனையே வரச் சொல்லுங்க" என்றான் ஹம்புஸ். "உங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணுமில்ல."