மெழுகுதிரித் திருநாளின் பாக்கி

மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ். மார்ஜெரி என்ற விதவை ரோஜர் டாக் என்பவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை அது. கொடுக்காமலே 1558இல் கண்ணை மூடிவிட்டாள். அவள் உயிலில் கடைசி வரிக்கு முந்தின வரி இதுதான். அவள் வாழ்ந்த ஹாக்ஸ்டோ வீட்டை இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கலாம். உயிலின் நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அதன் கீழே அச்செழுத்தில் பெயர்த்து, கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

நான் அந்த வீட்டின் வேலிகளைப் பார்த்துக்கொள்கிறவன். நாற்பது வருஷ வேலையில் இடுப்பு போய்விட்டது. டாக்டர் ஹெஸ்டர் பின்ச்பெக் அங்கே வந்த முதல் வாரம், எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுகிறார்களே என்று நான் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டிவிட்டேன்.

“இதுக்கு என்ன மருந்து, டாக்டரம்மா?”

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நன்றாகவே பார்த்தார். “மார்ஜெரியா இருந்தா வாத்துக் கொழுப்பைத் தடவச் சொல்லியிருப்பா. நான் செத்தவங்களுக்குத்தான் டாக்டர், வெர்ன். ஐந்நூறு வருஷம் கழிச்சு வாங்க, பாக்குறேன்.”

அப்படித்தான் பழக்கமானோம். பதினொரு வருஷம். சரித்திரம் படித்தவர் என்று பேர், ஆனால் மார்ஜெரியைப் பற்றி அவர் பேசினால் நேற்று சந்தையில் பார்த்துவிட்டு வந்தது போல இருக்கும். அவளுக்கு நல்ல பாவாடை இரண்டுதான், சிவப்பு ஒன்று, சாயம் போடாத கறுப்பாட்டுக் கம்பளியில் ஒன்று. பித்தளைக் குண்டானை மூத்த நாத்தனாருக்கு எழுதி வைக்கவில்லை, இளையவளுக்கு எழுதினாள். “ஏன்னு சொல்லுங்க பாப்போம்?” என்பார். “மூத்தவ இரவல் வாங்கினா திருப்பித் தரமாட்டா போல,” என்பேன். அதையும் குறித்துக்கொள்வார்.

மதியம் ஒரு மணிக்கு பழைய காகிதங்கள் இருக்கிற தன் இருட்டு அறையை விட்டு வயல்பக்கம் வந்துவிடுவார். இந்த வருஷம் முதல் பனித்துளிப் பூ எங்கே எட்டிப் பார்த்தது, வடக்கிலிருந்து வந்த சாம்பல் பறவைகள் சிவப்புப் பழத்தை எந்த மூலையிலிருந்து தின்ன ஆரம்பித்தன, எல்லாம் என்னிடம் கேட்பார். மார்ஜெரியும் இதையெல்லாம் பார்த்திருப்பாள் என்பதுதான் அவருக்குக் கணக்கு.

அந்த உயிலின் வரி இப்படி இருக்கும்: ‘என் க்விக்குக்காக, மெழுகுதிரித் திருநாள் முதல், ரோஜர் டாக்குக்குப் பாக்கி, மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ்.’

க்விக் என்றால் வேகம் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். பழைய பேச்சில் அதற்கு உயிர் என்று பொருள். வயிற்றுப் பிள்ளை முதன்முதலாக அசைவதையும் அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். மார்ஜெரியின் புருஷன் அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் செத்தவன். பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுதிரித் திருநாளில், அவள் வயிற்றில் ஓர் உயிர் அசைந்திருக்கிறது. அது பிறந்ததும் வளர்க்க ரோஜர் டாக் வீட்டில் விட்டிருக்கிறாள். அதற்கான கூலிதான் இந்தப் பாக்கி. டாக்டரம்மா அப்படித்தான் படித்திருந்தார். எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தில் அதற்கு முழு அத்தியாயமே ஒதுக்கியிருந்தார். பேரில்லாத அந்தப் பிள்ளைக்காக ஒவ்வொரு வருஷமும் அந்தத் திருநாளன்று, கைபிடி உடைந்த கோப்பையில் பனித்துளிப் பூ பறித்துவந்து சன்னலில் வைப்பார்.

ஒருமுறை பூவை நான்தான் பறித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“எனக்கும் ஒண்ணு இருந்துது, வெர்ன். நாலு நாள் அசைஞ்சுது. அப்புறம் நின்னுபோச்சு.”

கோப்பையில் தண்ணீர் ஊற்றினேன்.

இந்த பிப்ரவரியில் நிர்வாகி டெரன்ஸ் வந்து மேற்கு வேலியை எடுக்க வேண்டும் என்றான். இருநூறு கஜ நீளம், முள்மரமாக வளர்ந்த வேலி. அந்த இடத்தில் கார் நிறுத்தப் போகிறார்களாம்.

“மார்ச் பிறந்தா குருவி கூடு கட்டிரும், அப்புறம் சட்டப்படி கை வைக்க முடியாது. திங்கக்கிழமை ஜேசிபி வருது. நீ அதை ஒட்டின கம்பி, கேட்டெல்லாம் கழட்டி வெச்சிரு.”

“பழைய வேலி டெரன்ஸ்.”

“பழசுன்னா நீயும்தான் பழசு. உன்னை வெச்சுக்கல?”

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து மூடித் திறந்து மூடினார். “வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. வேலிக்கு இல்ல. எத்தனை வருஷத்து வேலின்னு ஒரு துண்டுச் சீட்டு இருந்தாக்கூட நிர்வாகக் குழுவில போய்ச் சண்டை போடுவேன். வெறும் கையோட என்ன பண்றது?”

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் ஒதுங்கி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தேன். எதிரே மார்ஜெரியின் உயில். நான் படிக்கக் கற்றுக்கொண்டது ஐம்பத்தோராம் வயதில், நூலகத்தில் செவ்வாய்க்கிழமை வகுப்பில். எனக்கு வாக்கியம் ஓடாது. சேற்றில் நடப்பது போல ஒவ்வொரு சொல்லாகக் காலை ஊன்றி எடுத்துத்தான் போவேன். டாக்டரம்மா சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பழகிய வரிதான். ஆனால் கேட்டபோது பிள்ளையும் கூடவே வந்துவிடும். அன்று நானாகப் படித்தேன். என், க்விக், மெழுகுதிரித் திருநாள்.

ரொட்டி வாயிலேயே நின்றது.

எங்கள் தொழிலில் க்விக் என்றால் ஒன்றுதான். வேலிக்கு நடுகிற ஹாதார்ன் முள்கன்று. காய்ந்த குச்சியால் அடைக்காமல், உயிருள்ளதை நட்டு அடைப்பதால் அந்தப் பேர். என் அப்பன் சொன்னது, அவன் அப்பன் சொன்னது. அதை நடுகிற பருவமும் இதுதான், தளிர் விடுவதற்கு முன்னால், பிப்ரவரி ஆரம்பம்.

அப்படியென்றால் அவர் தேடிய துண்டுச் சீட்டு இந்த உயில்தான். சொன்னால் வேலி பிழைக்கும். ஆனால் சன்னலில் இருக்கிற கோப்பை என்ன ஆகும்? வியாழக்கிழமை முழுக்கக் கம்பியைக் கழற்றினேன். இரண்டு தடவை அவர் அறைக்கதவு வரைக்கும் போய்விட்டு, சுத்தியலைத் தேடி வந்தவன் போலத் திரும்பினேன். ஏற்கெனவே ஒன்றை இழந்தவரிடமிருந்து இன்னொன்றை நான் எப்படிப் பிடுங்குவது?

வெள்ளிக்கிழமை மதியம் வழக்கம் போல அவரே வேலிக்கு வந்தார். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தாராம். கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு தண்டைத் தடவினார். தரையோடு ஒட்டி, முழங்கால் முட்டி போலப் புடைத்துப்போன அடிமரம். தண்டைப் பாதி வெட்டிச் சாய்த்துப் பின்னிவிட்டால் அடியிலிருந்து புதுசாக எழும்பும். அப்படி எத்தனை பேர் கத்தி பட்டதோ.

“இங்க ஒரு இடைவெளி இருக்கே,” என்றார்.

“ஆமா. நாப்பது க்விக் நட்டா அடைஞ்சிரும்.”

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வேண்டுமென்று சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது.

“நாப்பது என்ன?”

“க்விக்கு. முள்கன்னு. நாங்க அப்படித்தான் சொல்வோம், டாக்டரம்மா.”

அவர் தண்டிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது.

“அப்போல்லாம் நூறு கன்னு நாலு பென்ஸ். பக்கத்து ஊர்க் கணக்குல பார்த்திருக்கேன். ஷில்லிங்குக்குப் பன்னெண்டு பென்ஸ், மூணு ஷில்லிங் நாலு பென்ஸ்னா நாப்பது பென்ஸ். ஆயிரம் கன்னு. கஜத்துக்கு எத்தனை நடுவீங்க?”

“அஞ்சு.”

“இருநூறு கஜம்,” என்றார்.

சொல்லிவிட்டு வேலி தொடங்குகிற இடத்துக்குப் போய், அங்கிருந்து நடந்தார். ரப்பர் பூட்ஸோடு, சேற்றில், ஒவ்வொரு எட்டாக எண்ணிக்கொண்டு, மேற்கு மூலை வரைக்கும். நான் பின்னாலேயே போனேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்றார்.

“அப்போ பிள்ளையே இல்லையா, வெர்ன்?”

“இல்ல, டாக்டரம்மா. மன்னிச்சிருங்க.”

“பதினொரு வருஷம்.” சிரித்தார், அது பாதியில் வேறொன்றாக மாறியது. “பதினொரு வருஷம் ஒரு வேலிக்குப் பூ வெச்சிருக்கேன்!”

என் கைக்குட்டையில் ரம்பச் சங்கிலியின் எண்ணெய்க் கறை. அதையே கொடுத்தேன். முகத்தில் கறுப்புப் பட்டுவிட்டது, நான் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து ஒரு கிளையில் ஊசிமுனை அளவு சிவந்திருந்த மொட்டைப் பார்த்தார்.

“இது அவ நட்டதா?”

“அவ காசுக்கு ரோஜர் நட்டது. காசைத்தான் அவன் பாக்கல.”

அப்படியே, அந்தக் கறுப்பு முகத்தோடேயே, டெரன்ஸ் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தும் குரல் தோட்டம் வரைக்கும் கேட்டது. திங்கட்கிழமை ஜேசிபி வந்தது, டீ குடித்தது, திரும்பிப் போனது. அடுத்த வாரம் குழு கூடி, உயிலையும் வேலியையும் பார்த்துவிட்டு, காரை வடக்கே காஞ்சொறி மண்டிய துண்டு நிலத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டது. நான் கழற்றிய கம்பியை நானே மாட்டினேன். “உனக்குக் கூலி ரெண்டு தடவை போச்சு,” என்று டெரன்ஸ் பொருமினான்.

கூடத்தில் பெயர்ப்புக்குக் கீழே, க்விக் என்றால் முள்கன்று என்று ஒரு குறிப்பைச் சேர்த்து மாட்டினார்கள். அவர் அத்தியாயத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார். சன்னலில் கோப்பை மட்டும் இருந்தது. எடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை.

மே மாதம் வேலி முழுக்க வெள்ளையாகப் பூத்தது. உள்ளே ஒரு குருவி குஞ்சு பொரித்திருந்தது. டாக்டரம்மா கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே பழைய செல்லாக் காசு, பழம்பொருள் கடையில் வாங்கியது. இரண்டரை ஷில்லிங் பெறும் அரை கிரவுன் ஒன்று, ஆறு பென்ஸ் ஒன்று, ஒற்றைப் பென்னி நாலு. எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார்.

“மூணு ஷில்லிங் நாலு பென்ஸ். மார்ஜெரி கொடுக்கச் சொன்னா. டாக்குக்கு வாரிசு யாருன்னு தெரியல. தொழில்ல நீங்கதானே?”

“நானூத்தி அறுபது வருஷ வட்டி?”

“கேட்டா வாத்துக் கொழுப்புதான் கிடைக்கும்.”

“சரி, வட்டி தள்ளுபடி.”

“ரசீது வேணும், வெர்ன். எனக்குப் பேப்பர் இல்லாம முடியாது.”

அவர் குறிப்பேட்டை வாங்கி, கேட் கட்டை மேல் வைத்துக்கொண்டு எழுதினேன். நேரம் பிடித்தது. அவர் எட்டிப் பார்க்காமல் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியது இது: ‘மார்ஜெரியிடமிருந்து, ஆயிரம் க்விக்குக்காக, மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் வாங்கிக்கொண்டேன். எல்லாம் வேர் பிடித்துக்கொண்டது. பாக்கி இல்லை. ரோஜர் டாக்குக்காக, வெர்னன் லார்ட்டர்.’

ஷில்லிங்கில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அவர் படித்தார், திருத்தவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.