கிளட்சம்மா வண்டியின் அலாரம்

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டால் சத்தம் அடங்கிவிடும் என்றுதான் மகள் நினைத்தாள். அடங்கவில்லை. பானெட்டுக்குள் இருந்த சைரன் முன்னைவிட ஆங்காரமாக ஊளையிட்டது. அதன் வயிற்றுக்குள்ளேயே இன்னொரு குட்டி பேட்டரி இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. லிஃப்ட் பழுது பார்க்கிற தனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஒரு பழைய துண்டை அதன் வாயில் திணித்தாள். ஸ்க்ரூவைத் திருகி, பின்மூடியை நெம்பி, உள்ளே இருந்ததைப் பிடுங்கினாள். தெருவே மூச்சுவிட்டது.

கார் நிற்கும் இடத்தைப் பார்த்த ஜன்னலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“செத்துச்சா?”

“வாயத்தான்மா அடைச்சிருக்கேன். இன்னும் சாகல.”

“நான் போறதுக்குள்ள அது போகணும்.”

கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போடச் சொன்னது அம்மாதான். இதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு அழுதது மருமகள் மட்டும். அம்மா செருப்பை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள்.

அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள். “கிளட்ச்ச விடு, கிளட்ச்ச விடுடி” என்று அவள் போடும் சத்தம் ரெண்டு தெரு தாண்டிக் கேட்கும் என்பதால் கிளட்சம்மா என்று பெயர் வந்தது. கணவன் இல்லாமல் ரெண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியது இந்த ஒற்றை வண்டியை வைத்துத்தான்.

போன வருடம் கடைத்தெரு முனையில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டி நடைபாதையில் ஏறி ஒரு மர பெஞ்சை நொறுக்கிவிட்டு நின்றது. நல்லவேளை, பெஞ்சில் ஆள் இல்லை. மகன் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த ஒரு காலையில் ஆளைக் கூட்டிவந்து அலாரம் வைத்துவிட்டான். ரிமோட்டை அமுக்காமல் கதவைத் திறந்தால் ஊளையிடும், எஞ்சினும் கிளம்பாது. ரிமோட் அவன் பேன்ட் பையோடு போனது.

“திருட்டு பயம்மா,” என்றான்.

“இந்தக் கிழட்டு வண்டிய எவன்டா திருடப் போறான்? நான்தானே?”

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அம்மா போய் வண்டிக் கதவைத் திறப்பாள். அது கத்தக் கத்தச் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்பாள், ஏதோ கச்சேரி கேட்கிற மாதிரி. அக்கம்பக்கத்தார் மகனின் அலுவலகத்துக்கு போன் போடுவார்கள். அவன் வந்ததில்லை. அவள் விட்டதுமில்லை. படுக்கையில் விழும்வரை இது நடந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மாவும் பிள்ளையும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே கிடையாது என்று அண்ணி சொன்னாள்.

வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த மகளிடம் அம்மா முதலில் கேட்டதே அலாரத்தைக் கழற்றிவிடச் சொல்லித்தான். அண்ணனிடம் ரிமோட்டை வாங்கித் தருகிறேன் என்று இவள் சொன்னாள்.

“கேட்டு வாங்குறதா இருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேனா? நான் ஒண்ணும் ஓட்டப் போறதில்லடி. சாவி போட்டா ஓடணும். அவ்வளவுதான்.”

அண்ணன் வேலைக்குக் கிளம்பியதும் மகள் டூல் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சைரன் ஒழிந்த பிறகுதான் உண்மையான வேலை. டிரைவர் சீட்டின் மேல் மல்லாந்து, தலை பெடல்களுக்கு நடுவிலும் கால்கள் கதவுக்கு வெளியிலுமாகக் கிடந்தாள். வண்டியோடு பிறந்த ஒயர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருந்தது, வெளிறியிருந்தாலும். அலாரக்காரன் விட்டுப்போன ஒயர்கள் அத்தனையும் கறுப்பு. எது எங்கே போய் ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றாகத் தடவித்தான் போக வேண்டும். அவன் சுற்றிய டேப் வெயிலில் உருகிப் பிசின்போல விரலில் ஒட்டியது.

“கதவு ஒயர் எடுத்தாச்சும்மா,” என்று கத்தினாள். ஜன்னலிலிருந்து “ம்” என்று வந்தது. “பானெட் ஒயரும் எடுத்தாச்சு.” அதற்கும் ஒரு “ம்”. இத்தனை நாளும் மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கைப் பிடுங்கியதையும் சொன்னாள். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை. தூங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஒயரைத் தேடினாள்.

அண்ணி வந்து கதவருகில் நின்றாள். கூப்பிடவில்லை. அவள் நின்ற விதத்தைப் பார்த்தே மகள் மெல்ல எழுந்தாள்.

அம்மாவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணை மூடிவிடக் கையை நீட்டிய மகள், விரல்களில் இருந்த கரியைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அண்ணி மூடினாள்.

போன்கள் பறந்தன. நாற்காலிகள் வந்தன. பக்கத்துத் தெருவிலிருந்து அம்மாவின் தங்கை வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். எல்லாரும் உட்கார்ந்து, அழுது, கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், மகள் எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

“பெத்தவ உள்ள கிடக்கறா. ஸ்க்ரூடிரைவரத் தூக்கிக்கிட்டு நீ எங்கடி போற?” என்றாள் சித்தி.

“வேலை பாதியில நிக்குது சித்தி.”

“ஊரு என்ன பேசும்?”

“பேசட்டும்.”

சித்தி எழப் பார்த்தாள். இதுவரை யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லியிராத அண்ணி அவள் தோளில் கை வைத்து உட்கார்த்தினாள். “அவ முடிக்கட்டும் சின்னத்தை. அத்தை கேட்டது அது ஒண்ணுதான்.”

அண்ணன் வந்ததைச் செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொண்டாள். நேராக உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, வண்டிக்கு வெளியே நீண்டிருந்த அவள் கால்களுக்குப் பக்கத்தில் குந்தினான். முகம் வீங்கியிருந்தது.

“இந்தா ரிமோட். பேட்டரிய மாட்டிட்டு இத அமுக்கு. கிளம்பிடும்.”

“கிளப்பறதுக்கு இல்லண்ணா. கழட்டறதுக்கு.”

“எல்லாரும் பாக்கறாங்க. எந்திரி.”

“மாட்டேன்.”

அவன் ரிமோட்டைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான். “அன்னிக்கு அந்த பெஞ்சில யாராவது உக்காந்திருந்தா? அம்மாவுக்கே ஏதாவது ஆகியிருந்தா? பயந்துதானே செஞ்சேன்.”

“எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். பயமா இருக்குன்னு நீ அவகிட்ட சொல்லியிருக்கலாம். திருட்டு பயம்னு சொன்ன.”

உள்ளே யாரோ ஊதுபத்தி கேட்டார்கள்.

“நான் இப்ப என்ன பண்ணணும்?” என்றான் கடைசியில்.

“லைட்டப் பிடி. கை ஆடாம.”

அவன் போனில் விளக்கைப் போட்டு உள்ளே நீட்டினான். வெளிச்சத்தில் அது அகப்பட்டது. சாவியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ஒயரை நடுவில் வெட்டி, ரெண்டு முனைகளையும் கறுப்புப் பெட்டிக்குள் விட்டிருந்தான் அலாரக்காரன். முனைகளை உருவி, சீவி, ஒன்றோடொன்று முறுக்கி, புது டேப்பை இறுக்கச் சுற்றினாள். பெட்டியைப் பிடித்து இழுத்தாள். வேரோடு வருகிற செடிபோல ஒயர்கள் தொங்க அது கையோடு வந்தது. அண்ணன் வாங்கிக்கொண்டான். எங்கே வைப்பது என்று தெரியாதவன்போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, ரிமோட்டையும் அதன்மேல் போட்டு, வாசல் குப்பைத் தொட்டிக்குள் இறக்கினான்.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகினாள். எஞ்சின் முனகி நின்றது. மறுபடி திருகினாள். இருமியது, உதறியது, பிடித்துக்கொண்டது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சித்தி வாசல்வரை வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அமரர் ஊர்திக்குப் பின்னால் வரக் குடும்பத்துக்கென்று ஒரு வேன் சொல்லியிருந்தார்கள். அதில் மற்றவர்களை ஏற்றிவிட்டு அண்ணன் வண்டிக்கு வந்தான். நான் ஓட்டட்டுமா என்று கேட்கவில்லை. அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். அண்ணி பின்னால் உட்கார்ந்தாள்.

கடைத்தெரு முனையில் ஊர்தி மயானச் சாலைக்குத் திரும்பியது. மகள் இண்டிகேட்டரைத் தட்டினாள். ஒன்றும் எரியவில்லை. கறுப்பு ஒயர்களோடு சேர்த்து வேறு எதையோ பிடுங்கிவிட்டிருக்கிறாள். பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தான்.

“இண்டிகேட்டர் போச்சுண்ணா.”

திரும்ப வேண்டியது அவன் பக்கம். கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி இறக்கி, சட்டைக் கையை மடித்துவிட்டு, அவன் கையை வெளியே நீட்டினான். லாரி வேகத்தைக் குறைத்து வழிவிட்டது. வண்டி திரும்பியது.

திரும்பி முடித்து, நேரான சாலையில் வெகுதூரம் வந்த பிறகும், அந்தக் கை காற்றில் நீட்டியபடியே இருந்தது.