நேற்று வந்தவள்

மதுமதியின் வீங்கிய காலைச் சபீதா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது. ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. தலை பிளக்கிறது, கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்றாள் மதுமதி. ஒன்பதாம் மாதத்தில் இதெல்லாம் சேர்ந்து வந்தால் அடுத்தது வலிப்புதான். தாய், பிள்ளை இருவரில் யார் மிஞ்சுவார்கள் என்று சொல்ல முடியாது.

"தாவூது அண்ணன் ஆம்புலன்ஸோட வெளிய நிக்காவ. இப்பமே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

மதுமதியின் மாமியார் அசையவில்லை. "நேத்து நீங்கதான நர்சம்மா வேண்டாம்னு சொன்னீய? வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடலாம், நானே வாரேன்னு?"

"நேத்தா? நேத்து லீவுல்லா. மேலப்பாளையத்துல எங்க உம்மாகூட இருந்தேன்."

மாமியாரின் முகம் மாறியது. மருமகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவிய அதையும் சொல்லிட்டுத்தான் போனாவ. நாளைக்கு என்னைய மாதிரியே ஒருத்தி வருவா, நேத்து நான் வரவேயில்லைன்னு சாதிப்பா, அவகூட மட்டும் பிள்ளைய அனுப்பிராதீயன்னு."

வெளியே உச்சிவெயிலில் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன.

ஆளைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி டவுனுக்கு மாற்றல் வாங்குகிறவர்கள் உண்டு. புன்னக்காயலைத் தாண்டி, இந்த உப்பளத்துக் குடியிருப்புதான் வேண்டும் என்று கெஞ்சியவள் சபீதா ஒருத்திதான். திருநெல்வேலியில் பிரசவ வார்டில் இருந்தபோது இங்கிருந்து ஒருத்தியை நேரம் கடந்து கொண்டுவந்தார்கள். சபீதாவின் கையைப் பிடித்தபடியே அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு டவுன் வேலை சபீதாவுக்கு ஒட்டவில்லை. வந்த புதிதில் இங்கே யாரும் கதவு திறக்கவில்லை. கரிப்புத் தண்ணீரைக் குடித்து, வாசலில் காத்துக் கிடந்து, ஒவ்வொரு வீடாகச் சம்பாதித்த நம்பிக்கை. அதை யாரோ அவள் சேலையைப்போல எடுத்து உடுத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

மதுமதியின் புருஷன் பூதத்தான் உப்பு வாரும் பலகையோடு வந்து வாசலை அடைத்து நின்றான்.

"போன மாசம் காய்ச்சல்ல கிடந்தியே, பக்கத்துலயே இருந்து பாத்தது யாரு?" என்று சபீதா அவனிடம் கேட்டாள்.

"அதையும் நேத்து வந்தவிய சொன்னாவ." அவன் பலகையை இறுக்கிப் பிடித்தான்.

இனி எதைச் சொல்லி நிரூபிப்பது? மதுமதிதான் கையை நீட்டினாள்.

"நேத்து அவிய வயித்துல கை வச்சதும் பிள்ள அப்படியே அடங்கிட்டு. போற வரைக்கும் அனக்கமே இல்ல. எனக்கு ஒருமாதிரி இருந்துச்சு, சொல்லல."

சபீதாவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். சேலைக்கு மேலேயே தெரியும்படி, உள்ளிருந்து பலமாக ஒரு உதை. சபீதாவுக்கு அழுகை வந்துவிட்டது. பூதத்தான் பலகையைக் கீழே போட்டுவிட்டு மதுமதியைத் தூக்கினான்.

ஆம்புலன்ஸ் பாத்தி வரப்பை ஒட்டிய மண்சாலையில் பைய ஊர்ந்தது. மதுமதியின் விரல்கள் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியிருந்தன. கடைசி வீட்டு வாசலில் செல்லக்கனி நின்றாள். அவளுக்கும் மாதம் நெருங்கிவிட்டது. முதல் பிள்ளையை வயிற்றைக் கிழித்து எடுத்தது. அவளை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. சிரித்த முகமாக அவள் யாருக்கோ கையாட்டி விடைகொடுத்துக்கொண்டிருந்தாள். சாலையைப் பார்த்து அல்ல, உப்புப் பாத்தியைப் பார்த்து. அங்கே வெள்ளை வெயிலைத் தவிர ஒன்றுமில்லை.

"நிறுத்தவா, நர்சம்மா?" என்றார் தாவூது.

சபீதா மதுமதியைப் பார்த்தாள். கண் செருகிக்கொண்டிருந்தது. செல்லக்கனியிடம் போனில் பேசலாம். பேசுவது எந்தச் சபீதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"நிறுத்தாதீய. வெரசாப் போங்க."

சொல்லிவிட்டு, ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டித் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். செல்லக்கனி திரும்பிச் சபீதாவைப் பார்த்தாள். பிறகு பாத்திப் பக்கம் பார்த்தாள். மறுபடியும் சபீதாவைப் பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது.